தாழ்ந்த கூரையுள்ள கல்யாண மண்டபத்தில் சலங்கை பூஜை: மேடையும் விளக்கும் எப்படி அமைப்பது?

கேள்வி: சத்துவாச்சாரி நாட்டிய ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் பரதநாட்டிய வகுப்பு நடத்தி வருகிறேன். வரும் ஆடி மாதத்தில் என் மாணவியர் ஒன்பது பேருக்குச் சலங்கை பூஜை, அதாவது முதன்முறையாகச் சலங்கை கட்டி மேடையில் ஆடும் நிகழ்ச்சி, வைத்திருக்கிறோம். சென்னைக்குப் போய்ச் சபா அரங்கை வாடகைக்கு எடுக்கும் வசதி பெற்றோர்களுக்கு இல்லை. அப்படியே எடுத்தாலும் வயதான தாத்தா பாட்டிகளால் அவ்வளவு தூரம் வர முடியாது. ஆகவே எங்கள் பகுதியிலுள்ள சிறிய கல்யாண மண்டபம் ஒன்றைப் பேசி முடித்திருக்கிறோம். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் வாடகை குறைவு. முந்தைய நாள் மதியத்திலிருந்தே மண்டபத்தை எங்கள் பொறுப்பில் விடவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மணமேடையை விட்டுவிட்டுப் பார்த்தால் மண்டபம் 60 அடி நீளமும் 35 அடி அகலமும் கொண்டது. தரையிலிருந்து கூரை 13 அடி. மணமேடை 20 அடி அகலம், 14 அடி ஆழம், 3 அடி உயரம். சிமென்டில் கட்டி மேலே வழவழப்பான கிரானைட் பதித்திருக்கிறார்கள். அதன் முன் மூலைகள் இரண்டிலும் தூண்கள் நிற்கின்றன. விளக்கு தொங்கவிடக் குழாயோ கம்பியோ கிடையாது. மின்விசிறிகள் மட்டும் வரிசையாக உண்டு.

சென்ற ஆண்டு இதே போன்ற வேறொரு மண்டபத்தில் நிகழ்ச்சி நடத்தி நான் பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. பந்தல்காரரிடமே விளக்கையும் சேர்த்துச் சொன்னேன். அவர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலாக, ஏழடி ஸ்டாண்டுகளில் நான்கு எல்இடி விளக்குகளை மேடைக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அவை தாமாகவே நிறம் மாறிக்கொண்டிருந்தன. பதம் (முகபாவம் முக்கியமான உருப்படி) ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் முகம் ஒரு நொடி பச்சையாகவும் மறு நொடி நீலமாகவும் தெரிந்தது. பின்திரையில் அவளைவிடப் பெரிய நிழல்கள் ஆடின. மேடைக் கம்பளம் சுருண்ட இடத்தில் இன்னொரு குழந்தை கால் இடறி விழுந்தாள். ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் பாதங்களே தெரியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஓராண்டு முழுவதும் அடவு அடவாகத் திருத்திய கால்கள் யார் கண்ணிலும் படாமல் போனதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இம்முறை எத்தனை விளக்குகள் வேண்டும், எங்கே வைக்க வேண்டும், மேடைத் தளத்துக்கு என்ன செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: ராணிப்பேட்டை ஒளியமைப்பாளர்

வணக்கம் டீச்சர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ராணிப்பேட்டை, ஆற்காடு, வாலாஜா, வேலூர்ப் பகுதிகளில் நாடகத்துக்கும் நாட்டியத்துக்கும் விளக்கு அமைத்து வருகிறேன். எண்ணிக்கையை முதலில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் சென்ற ஆண்டின் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு எண்ணிக்கை காரணமன்று, உயரமே காரணம். மூன்றடி மேடையில் நிற்கும் ஐந்தடிப் பெண்ணின் முகம் தரையிலிருந்து ஏறத்தாழ எட்டடியில் இருக்கிறது. விளக்கோ ஏழடியில் இருந்தது. அதாவது விளக்கு முகத்துக்குக் கீழே இருந்துகொண்டு மேல்நோக்கி ஒளியை எறிந்திருக்கிறது. அப்படி எறிந்தால் புருவத்தின் நிழல் நெற்றியில் ஏறும், உடலின் நிழல் பெரிதாகிப் பின்திரையில் விழும். எத்தனை விலையுயர்ந்த விளக்கை அந்த இடத்தில் வைத்தாலும் விளைவு அதுவேதான்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மேடையொளி கற்பித்த ஸ்டான்லி மெக்காண்டில்ஸ் 1932-ல் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். மேடையின் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு விளக்குகள், வலப்புறமிருந்து ஒன்றும் இடப்புறமிருந்து ஒன்றும், தலைக்கு மேலே 45 பாகைச் சாய்வில் வரவேண்டும். அவற்றில் ஒன்று சற்று இளஞ்சூடான நிறத்திலும் மற்றொன்று சற்றுக் குளிர்ந்த நிறத்திலும் இருந்தால் முகத்தின் மேடு பள்ளங்கள் இயல்பாகத் தெரியும் என்பது அதன் சாரம். நாங்களெல்லாம் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறோம். ஆனால் உங்கள் மண்டபத்தில் 45 பாகை கிடைக்காது. பன்னிரண்டடியில் விளக்கைக் கட்டினாலும் மணமேடையில் ஆடுபவரின் முகத்துக்கு மேல் நான்கடிதான் மிச்சம். எட்டடி தள்ளி நிற்பவருக்கு அது 27 பாகை. அவர் பின்னால் நகர நகரச் சாய்வு இன்னும் தட்டையாகும்.

ஆகவே மணமேடையில் ஆட வேண்டாம் என்பது என் யோசனை. அதற்கு முன்னால், மண்டபத் தரையில், 24 அடி அகலமும் 16 அடி ஆழமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தாழ்ந்த மேடை ஒன்றைப் போடுங்கள். முகம் ஆறரை அடிக்கு இறங்கிவிடும். அதே விளக்கு இப்போது 34 பாகைச் சாய்வில் வரும். மணமேடையின் இரு தூண்களுக்கும் இடையே கருப்பு அல்லது அடர்ந்த மெரூன் துணியைக் கட்டிவிட்டால் அதுவே பின்திரை. அதற்குப் பின்னாலுள்ள மணமேடை முழுவதும் குழந்தைகள் காத்திருக்கவும் உடையைச் சரிசெய்யவும் பயன்படும். பெயரும் புகைப்படமும் அச்சிட்ட ஃப்ளெக்ஸ் பேனரைப் பின்திரையாகக் கட்டாதீர்கள். அது ஒளியைத் திருப்பி அடிக்கும், ஆடுபவரின் கையசைவு அதன் எழுத்துகளுக்குள் கலந்துவிடும். வாசலில் கட்டிக்கொள்ளலாம்.

புதிய மேடையின் முன் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி, இரு பக்கமும் ட்ரஸ் (விளக்கு மாட்டும் உலோகக் குழாய்ச் சட்டம்) கால்களை நிறுத்தி, குறுக்கே பன்னிரண்டடி உயரத்தில் ஒரு ட்ரஸ் போடச் சொல்லுங்கள். நம் பக்கத்துக் கல்யாண அலங்காரக்காரர்கள் எல்லோரிடமும் இது இருக்கிறது. அதில் நான்கு விளக்குகள் முகத்துக்கு. இவை 3200 கெல்வின் அளவிலான வார்ம் ஒயிட் (இளமஞ்சள் கலந்த வெள்ளை) எல்இடியாக இருக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வெள்ளை காட்டும் விளக்கை முகத்துக்குப் பயன்படுத்தினால் தோலின் நிறம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். ஒப்பனைக்காரர் இரண்டு மணி நேரம் உழைத்தது வீணாகும். பச்சை ஒளியின் கீழ் அரக்குப் பட்டு கருத்துப் போகும், கையிலுள்ள செம்பஞ்சுக் குழம்பும் கறுப்பாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பக்கத்துக்கு இரண்டாக நான்கு விளக்குகளை, தளத்திலிருந்து ஐந்தடி உயரத்தில், மேடையின் இரு ஓரங்களிலும் ஸ்டாண்டில் வைக்க வேண்டும். முன்னொளி முகத்தைக் காட்டும். பக்கவொளிதான் உடலைக் காட்டும். அரைமண்டியின் (முழங்காலை மடித்துப் பாதி அமர்ந்த நிலையின்) கோணம், நீட்டிய கையின் நேர்கோடு, பாதம் தரையை விட்டு எழும் அந்தச் சிறு இடைவெளி ஆகிய எல்லாம் பக்கத்திலிருந்து ஒளி விழுந்தால்தான் கண்ணுக்குத் துலங்கும். ஸ்டாண்டுகள் பார்வையாளருக்குத் தெரியாமலும் கண்ணைக் கூசாமலும் இருக்க, நான்கடி அகலக் கருப்புத் துணிச் சட்டங்களை முன்னால் நிறுத்துங்கள். கடைசியாக, மணமேடையின் மீது ஸ்டாண்ட் வைத்து, பின்திரைக்கு மேலாக எட்டிப் பார்க்கும் இரண்டு விளக்குகள். இவை தோளிலும் தலைச்சாமானிலும் ஒரு விளிம்பொளியைத் தந்து ஆடுபவரைத் திரையிலிருந்து பிரித்துக் காட்டும். நிறம் மாற்ற வேண்டுமென்று ஆசை இருந்தால் இந்த இரண்டிலும் பக்க விளக்குகளிலும் மட்டும், மெதுவாக, உருப்படிக்கு (ஒவ்வொரு நடனத்துக்கும்) ஒரு முறை மாற்றுங்கள். முகத்துக்கான நான்கையும் நிகழ்ச்சி முடியும்வரை நிறம் மாற்றவே கூடாது.

மொத்தம் பத்து விளக்குகள், விளக்குகளைக் கட்டுப்படுத்த ஒரு சிறிய டிஎம்எக்ஸ் பலகை, அதை இயக்க ஓர் ஆள். இதற்கு மேல் வேண்டியதில்லை. புகை இயந்திரம் வேண்டாம். அதன் ஈரம் தரையில் படிந்தால் வெறுங்காலுக்கு வழுக்கும்.

மின்விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. ட்ரஸுக்கும் ஆடுபவருக்கும் நடுவே விசிறி இறக்கை சுழன்றால் ஒளி துண்டு துண்டாக வெட்டுப்பட்டு மேடை முழுவதும் துடிக்கும். அங்குள்ள விசிறிகளை நிறுத்திவிட்டு, பார்வையாளர் பக்கத்துக்கு நின்ற விசிறிகளைக் கொடுங்கள். விசிறிக் கொக்கியிலோ பொய்க்கூரையிலோ விளக்கைத் தொங்கவிட யாராவது முன்வந்தால் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். ட்ரஸில் ஏறும் ஒவ்வொரு விளக்குக்கும் தனியே பாதுகாப்புச் சங்கிலி இருக்கிறதா என்று நீங்களே நிமிர்ந்து பாருங்கள். கீழே ஆடுவது குழந்தைகள்.


பதில்: ஆரணி நடன ஆசிரியை

வணக்கம் சகோதரி. ராணிப்பேட்டை ஐயா சொன்னவற்றில் மேடை உயரம் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒன்றரை அடி மேடையில், சமதளத்தில் நாற்காலி போட்டு உட்காருபவர்களுக்கு மூன்றாவது வரிசையிலேயே கால் மறைந்துவிடும். பரதநாட்டியத்தில் கால் மறைந்தால் பாதி நாட்டியம் மறைந்தது. இரண்டடியாக உயர்த்துங்கள், சாய்வு இரண்டு மூன்று பாகைதான் குறையும். அதோடு முதல் நான்கு வரிசைகளில் நாற்காலி போடாமல் ஜமக்காளம் விரித்துவிடுங்கள். குழந்தைகளும் உடல் நலமுள்ளவர்களும் தரையில் அமர்வார்கள். பின்னாலுள்ள நாற்காலிகளுக்கு மேடை முழுவதும் தெரியும். நான் ஆறு நிகழ்ச்சிகளில் இவ்வாறே செய்திருக்கிறேன். முதியவர்களுக்குத் தரை வரிசைகளின் இரு ஓரங்களிலும் சில நாற்காலிகள் போட்டால் யாருடைய பார்வையும் தடைபடாது.

தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் விளக்கு தவறினால் ஒரு மாலைதான் கெடும். தளம் தவறினால் குழந்தையின் முழங்கால் கெடும். கிரானைட்டின் மீதோ சிமென்ட்டின் மீதோ தட்டடவு தட்டினால் அந்த அதிர்ச்சி முழுவதும் கெண்டைக்கால் எலும்புக்கும் முழங்காலுக்கும் திரும்பி வருகிறது. மரத்தளம் சற்றே வளைந்து கொடுத்து அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். அந்த வகையில் மணமேடையை விட்டு இறங்குவது நல்ல முடிவு. பந்தல்காரர்கள் போடும் மேடையில் இரும்புச் சட்டத்தின் மேல் பலகை இருக்கும்; பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் சந்து இருக்கும்; அதை மறைக்கத்தான் கம்பளம். அந்தக் கம்பளத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது சுருளும், திரும்பும்போது பாதத் தோலை உரிக்கும், தட்டும் ஒலியையும் விழுங்கிவிடும்.

அதற்குப் பதிலாகப் பலகைகளின் மேல் 18 அல்லது 19 மில்லிமீட்டர் ப்ளைவுட் தாள்களைப் பரப்புங்கள். எட்டடிக்கு நான்கடித் தாள் பன்னிரண்டு இருந்தால் 24-க்கு 16 அடி மேடை சரியாக மூடிவிடும். தச்சரிடம் வாடகைக்கே கேட்டுப் பாருங்கள். நிகழ்ச்சி முடிந்து திருப்பிக் கொடுப்பதானால் பலர் சம்மதிக்கிறார்கள். தாள்களின் விளிம்பு வெற்றிடத்தில் தொங்காமல் கீழுள்ள சட்டத்தின் மீது வந்து உட்கார வேண்டும். ஆணி வேண்டாம், திருகாணி போட்டுத் தலையை மரத்துக்குள் பதித்துவிட வேண்டும். இணைப்புகளின் மேல் துணி டேப் ஒட்டுங்கள். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு நீங்களே உள்ளங்காலால் மேடை முழுவதையும் ஒரு முறை தேய்த்து நடந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு காலுக்குத் தெரியும்.

பாடகரும் மிருதங்கக்காரரும் ஆடுபவருக்குப் பின்னால் நின்றபடியே தொடரும் வழக்கம் முன்பு இருந்தது. 1936-ல் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அவர்களைப் பக்கவாட்டில் அமர்த்தினார். இன்று நாம் எல்லோரும் அதைத்தான் பின்பற்றுகிறோம். 24 அடியில் ஆறடியை அவர்களுக்கு ஒதுக்கினால் ஆட 18 அடி கிடைக்கும்; ஒன்பது பேர் தில்லானா ஆட அது போதும், வரிசையை மூன்று மூன்றாக அமைத்துக்கொள்ளுங்கள். பக்க விளக்கு அவர்கள் கண்ணில் நேராக அடிக்காதபடி அந்தப் பக்கத்து ஸ்டாண்டை அவர்களுக்குப் பின்னால், இன்னும் இரண்டடி உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். நட்டுவாங்கம் செய்பவருக்கு (தாளம் தட்டி ஜதி சொல்பவருக்கு) ஆடுபவரின் கால் தெரிய வேண்டும். பாடுபவருக்குப் புத்தகம் தெரிய ஒரு சிறு விளக்கு வேண்டும்.


பதில்: செய்யாறு கூத்து ஆர்வலர்

எங்கள் பக்கத்தில், பழைய வட ஆற்காட்டின் செய்யாறு, ஆரணி, வந்தவாசி வட்டாரங்களில், பங்குனி தொடங்கி வைகாசிவரை திரௌபதியம்மன் கோயில்களில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். தீப்பந்தத்தில் ஆடி, பெட்ரோமாக்ஸில் ஆடி, இன்று குழல் விளக்கில் ஆடுகிறார்கள். பெட்ரோமாக்ஸ் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: குழல் விளக்கு வந்த பிறகு வெளிச்சம் கூடியது, கிரீடத்தின் மினுக்கு குறைந்தது. அதற்குக் காரணம் உண்டு. கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடித் துண்டு, சிறிய புள்ளியிலிருந்து வரும் ஒளியைத்தான் பளிச்சென்று திருப்பும். நீண்ட குழலிலிருந்தோ அகன்ற பலகை விளக்கிலிருந்தோ வரும் ஒளியில் அது மங்கிப்போகும். உங்கள் குழந்தைகளின் நெற்றிச்சுட்டிக்கும் ஒட்டியாணத்துக் கல்லுக்கும் இதே நியாயம்தான். எனவே கல்யாண வீடியோக்காரர்கள் கொண்டுவரும் அகன்ற பலகை விளக்கை மேடைக்கு முன்னால் வைக்க அனுமதிக்காதீர்கள்.

இன்னொன்று. தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே அரங்க இலக்கணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தூணுக்கு முன்னால் மேடை போடும் யோசனையைப் படித்ததும் அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.


பதில்: காட்பாடி, ஓய்வுபெற்ற மின்பணியாளர்

விளக்கைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், மின்சாரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆயிரம் வாட் ஹாலஜன் பார் (PAR) மேடை விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பத்து என்றால் 43 ஆம்பியர், சிறிய மண்டபத்தின் வயரிங் அதைத் தாங்காது. எல்இடி ஒன்று இருநூறு வாட் என்று வைத்தாலும் பத்துக்கும் சேர்த்து ஒன்பது ஆம்பியருக்குள் முடிந்துவிடும். ஆகவே எல்இடியே போதும். ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் தனித்தனி இணைப்பு எடுங்கள். சமையற்கட்டின் கிரைண்டர் ஓடும் இணைப்பில் எதையும் சேர்க்காதீர்கள்.

தற்காலிகமாக மூன்று பேஸிலிருந்தும் இணைப்பு எடுக்கும்போது நியூட்ரல் வயர் தளர்ந்து கழன்றால், 230 வோல்ட் கருவிக்கு 400 வோல்ட் வரை ஏறக்கூடும். ஒரே நொடியில் விளக்கும் ஆம்ப்ளிஃபயரும் எரிந்துபோகும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு நியூட்ரல் முனையை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை விளக்கு இணைப்பில் கட்டாயம் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிளைச் சுருளாகவே விட்டுப் பயன்படுத்தினால் சூடாகி உருகும். முழுவதும் பிரித்து, குழந்தைகள் நடக்கும் வழியைத் தவிர்த்துச் சுவரோரமாக ஓட்டுங்கள். ஆடி மாத மாலைகளில் வேலூரில் இடியும் மழையுமாக மின்சாரம் போவது வழக்கம். ஜெனரேட்டருக்கு மாறி மின்சாரம் திரும்பும்போது சில எல்இடி விளக்குகள் தாமாக நிறம் மாறும் நிலைக்குப் போய்விடும். முந்தைய நாளே ஒரு முறை மெயினை அணைத்துப் போட்டுச் சோதித்துவிடுங்கள்.


மறுமொழி: சத்துவாச்சாரி நாட்டிய ஆசிரியை

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுப் பெற்றோர்களோடு மண்டபத்துக்குப் போய் அளந்து பார்த்தோம். இரண்டடி உயர மேடை, தூண்களுக்கு இடையே கருப்புத் திரை, முன் நான்கு வரிசைக்கு ஜமக்காளம் என்று முடிவு செய்திருக்கிறோம். தச்சர் ப்ளைவுட் தர ஒப்புக்கொண்டார். இரண்டு ஐயங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மேடை ஓரத்தில் நடராஜர் சிலையும் குத்துவிளக்கும் வைப்போம். அதற்குத் தனி ஒளி வேண்டுமா? விளக்குப் பலகையை இயக்குபவர் நாட்டியம் அறியாதவராக இருந்தால் அவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?


பதில்: ராணிப்பேட்டை ஒளியமைப்பாளர்

ஆரணி டீச்சர் சொன்ன இரண்டடியை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ட்ரஸிலிருந்து எட்டடி தள்ளி நிற்பவருக்கு 32 பாகை வரும். உயரம் குறைந்த குழந்தைகளுக்கு அதைவிட நன்றாகவே வரும்.

நடராஜருக்குப் பெரிய விளக்கு வேண்டாம். பக்க விளக்கின் ஓர ஒளியே போதும். குத்துவிளக்கின் சுடர் தெரிய வேண்டுமானால் அந்த மூலை சற்று மங்கலாக இருப்பதுதான் நல்லது. விளக்கைத் துணியிலிருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள். அடியில் அகலமான தாம்பாளம் இருக்கட்டும். ஒரு சொட்டு எண்ணெய் ப்ளைவுட்டில் விழுந்தாலும் ஆடும் காலுக்கு ஆபத்து.

இயக்குபவருக்கு நாட்டிய அறிவைவிட ஒரு தாள் உதவும். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள், எந்தச் சொல் கேட்டதும் ஒளி ஏற வேண்டும், எது முடிந்ததும் இறங்க வேண்டும். ஒளி ஏறவும் இறங்கவும் நான்கைந்து நொடிகள் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீர்மானம் (ஜதிக்கு ஆடி முடிக்கும் அடவுக்கோவை) நடக்கும்போது பலகையில் கை வைக்கவே கூடாது என்று தடித்த எழுத்தில் எழுதிவிடுங்கள். கைதட்டல் தொடங்கிய பிறகு இறக்கினால் போதும். பதத்துக்குப் பக்க விளக்கைப் பாதியாகக் குறைத்து முன்னொளியை அப்படியே விடலாம், பார்வையாளர் கண் தானாக முகத்துக்குப் போகும். பார்வையாளர் பகுதியின் விளக்குகளை முழுவதும் அணைக்காமல், பின் சுவரோரம் இரண்டை மட்டும் எரியவிடுங்கள். முதியவர்களும் குழந்தைகளும் எழுந்து நடப்பார்கள்.

ஒத்திகையை முந்தைய நாள் இருட்டிய பிறகு, உடையும் ஒப்பனையும் போட்ட ஒரு மாணவியையாவது வைத்து நடத்துங்கள். ஒன்பது பேரில் மிகக் குட்டையானவளையும் மிக உயரமானவளையும் மேடையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் நிறுத்தி, கடைசி வரிசை நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து அவர்களின் கண்ணில் ஒரு சிறு ஒளிப்புள்ளி தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரியாத மூலை இருந்தால் அதற்கு நேராக ட்ரஸிலுள்ள விளக்கை அந்த மூலையை நோக்கி ஒரு விரற்கடை சாய்க்கச் சொல்லுங்கள், பிறகு அந்த மூலையை மட்டும் மறுபடி பாருங்கள்.